காதுக்குப் பின்னால் ஒரு நீலக் கோடு!

"ஐயோ... சின்னவரே...!"

அலறியது கொட்டகை மேஸ்திரி.

அந்த அலறலில் பண்ணையின் அத்தனை பன்றிகளும் ஒரு கணம் வாயை மூடிக்கொண்டன. பிறகு எல்லாமாகச் சேர்ந்து கத்தத் தொடங்கின.

ஓய்வறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே இரும்புக் கட்டிலில் மல்லாந்து கிடந்தார் சின்னவர். பண்ணை முதலாளிகளான அண்ணன் தம்பி இருவரில் இளையவர். சாப்பிட்டவுடன் இந்த அறைக்கு வந்து குட்டித் தூக்கம் போடுவது அவர் வழக்கம்.

இன்றைக்குப் போட்டது பெரிய தூக்கம்.

மேஸ்திரி கையைத் தொட்டார். விருட்டென்று இழுத்துக்கொண்டார்.

சுட்டது!

ஆம்புலன்ஸ்காரர் வந்தார். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். முழங்கையை மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை. தாடையைத் திறக்கப் பார்த்தார். பூட்டுப் போட்டது போல் இறுகியிருந்தது.

"எப்பப்பா செத்தாரு?"

"இப்பத்தான் சார்! சாப்பிட்டுட்டு எங்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுதான் படுக்கப் போனாரு..."

"சும்மா அளக்காத. இவ்வளவு விறைச்சிருக்கு. காலைலயே போயிருக்கணும்."

"காலைல செத்த உடம்பு இப்படிக் கொதிக்குமா சார்?"

ஆம்புலன்ஸ்காரர் மறுபடி கையைத் தொட்டுப் பார்த்தார். போலீஸுக்குப் போன் போட்டார்.

"தம்பீ...!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார் பெரியவர். வெள்ளைக் கோட்டு. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். தம்பியின் மார்பில் விழுந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

பார்த்தவர்கள் எல்லோருக்கும் கண் கலங்கியது.

நல்ல அழுகை. குறை சொல்ல முடியாத அழுகை!

இன்ஸ்பெக்டரம்மா மூக்கில் கைக்குட்டையோடு ஜீப்பிலிருந்து இறங்கினாள். பன்றிப் பண்ணைக்கு வருகிற யாரும் அப்படித்தான் இறங்குவார்கள். ஆனால் ஓய்வறைக்குள் நுழைந்ததும் அவள் கைக்குட்டையை எடுத்துவிட்டு, மூக்கை நீட்டி மோந்து பார்த்தாள்.

"என்னமோ இனிப்பா வாடை அடிக்குதே?"

"கிருமி மருந்துங்க மேடம். தினமும் தெளிப்போம்" என்றார் பெரியவர், மூக்கைச் சிந்தியபடி.

"ஓஹோ... தம்பிக்கு உடம்புக்கு ஏதாவது?"

"இல்லீங்க. ஹார்ட் அட்டாக்தான். எங்கப்பாவும் திடீர்னு இப்படித்தான் போனாரு. ஹார்ட்டு!"

"பரம்பரை வியாதி ஏதும்?"

"ஒண்ணும் கிடையாதுங்க. எங்க குடும்பமே இரும்பு மாதிரி."

"இரும்புதான். தொட்டுப் பாத்தேன்."

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வாசல்ல ஒரு லாரி திரும்பிப் போச்சே... என்ன லாரி அது?"

"இறைச்சிக்கூடத்து லாரிங்க. பயில்வான் பரம்பரையை மொத்தமா ஏத்திவிடச் சொல்லி தம்பி வரச் சொன்னது. பயில்வான்னா... எங்க ஆண் பன்றிங்க. துக்கம் நடந்த இடத்துல எதுக்குன்னு நான்தான் திருப்பி அனுப்பிட்டேன்."

இன்ஸ்பெக்டரம்மா தலையாட்டினாள்.

"தம்பி உடம்பே இன்னும் ஆறல... அதுக்குள்ள லாரி ஞாபகம் வந்திருக்கு உங்களுக்கு. நல்ல நிர்வாகிங்க நீங்க!"

பெரியவரின் அழுகை பாதியில் நின்றது. பிறகு, நின்றது தெரியாதபடி மறுபடி தொடங்கியது.

வாசகரே, உங்களிடம் ஒளிப்பானேன்?

கொன்றது பெரியவர்தான்!

ஏன் கொன்றார் என்று கேளுங்கள். ஒரு பன்றிக்காகக் கொன்றார்!

பயில்வானை நீங்கள் பார்த்ததில்லை. தொடை இரண்டும் தனித்தனியாக உருண்டு திரண்டு நிற்கும். முதுகின் நடுவில் பள்ளம். கிள்ளினால் கொழுப்பு அகப்படாது. அப்படி ஒரு பிராணியை உண்டாக்க வாலிபத்தை முழுசாகச் செலவு செய்திருந்தார் பெரியவர். கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை.

எல்லாம் ஒரு ஜீன் செய்கிற வேலை. அது அப்பன், ஆத்தா இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்த பன்றிக்குச் சதை திரளும். கூடவே ஒரு சாபமும் வரும். பயந்தால் போதும்... உடம்பு கொதிக்கும், விறைக்கும், செத்து விழும்!

மயக்க வாயு பட்டாலும் அதே கதைதான்.

அதை வைத்தே சோதனை செய்வார் பெரியவர். குட்டியின் மூக்கில் மாஸ்க். ஹாலோத்தேன் என்ற வாயு. கால் துவண்டால் சாதாரணக் குட்டி. கால் விறைத்தால் ஜீன் உள்ள குட்டி. ஊரில் மற்ற பண்ணைக்காரர்கள் விறைக்கிற குட்டியைக் கழித்துக்கட்டுவார்கள். பெரியவரோ அதைத்தான் வைத்துக்கொள்வார். மாஸ்க்கை எடுத்த கையோடு, நீல மெழுகுச் சாக்பீஸால் அதன் காதுக்குப் பின்னால் ஒரு கோடு இழுப்பார்.

இப்போது ரத்தத்தில் ஒரு சொட்டு எடுத்து மெஷினில் போட்டாலே தெரிந்துவிடுகிறது. மெஷினும் பண்ணையில் இருக்கிறது. ஆனாலும் பெரியவருக்கு மாஸ்க்தான் பிடிக்கும். குட்டி விறைக்கிறதைக் கண்ணால் பார்க்க வேண்டும் அவருக்கு!

தம்பிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை.

"அண்ணே, உன் பயில்வான் பரம்பரை லாரில ஏறும்போதே பாதி சாவுது. மீதியோட கறி வெளுத்து, சொதசொதன்னு தண்ணி விடுது. வாங்கறவன் மூஞ்சில வீசறான். நாளைக்கு லாரி வருது. எல்லாத்தையும் ஏத்திரு."

"பயில்வானையுமா?"

"அவனைத்தான் முதல்ல!"

அந்த ஒரு வார்த்தையோடு தம்பியின் ஆயுள் முடிந்தது.

பெரியவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் ஒன்று இருந்தது. அவர்களுடைய அப்பா ஹார்ட் அட்டாக்கில் சாகவில்லை. குடலிறக்க ஆபரேஷனுக்கு மயக்க வாயு கொடுத்தபோது, மேஜையிலேயே விறைத்து, கொதித்துச் செத்தார். பன்றிக்கு இருக்கிற அதே கோளாறு சில மனிதர்களுக்கும் உண்டு. மனிதனுக்கு இரண்டு பக்கம்கூட வேண்டாம், ஒரு பக்கம் இருந்தாலே போதும். பிள்ளைக்கு வரலாம். வராமலும் போகலாம். காசைச் சுண்டிப் போடுகிற மாதிரிதான்!

தம்பி ஒருமுறை கத்தியில் விரலை வெட்டிக்கொண்டபோது, ரத்தம் துடைத்த பஞ்சைக் கமுக்கமாக மெஷினில் போட்டுப் பார்த்திருந்தார் பெரியவர்.

இருந்தது!

சரி, தன் ரத்தத்தை?

போடவில்லை. பல தடவை விரலைக் குத்தப் போய், ஊசியைக் கீழே வைத்துவிட்டார். பயம்! சொத்தைப் பல்லைப் பிடுங்கக்கூட டாக்டரிடம் போகாமல், வலியோடு காலம் தள்ளுகிற அளவுக்குப் பயம்.

சவக்கிடங்கில் சின்னவரின் மனைவி நின்றிருந்தாள். அழவில்லை.

இறைச்சிக்கூடத்தில் தரம் பார்க்கிற வேலை அவளுக்கு. தொங்கும் தொடைகளைக் கட்டை விரலால் அழுத்தி, நிறம் பார்த்து, எது தேறும் எது தேறாது என்று சொல்கிற வேலை.

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு உடம்பைப் பாத்ததில்லை" என்றார் சவக்கிடங்கு டாக்டர், கையுறையைக் கழற்றியபடி. "தசையெல்லாம் வெளுத்து, தண்ணி விட்டு... அரைவேக்காடா வெந்த மாதிரி இருக்கு. என்னன்னு எழுதறதுன்னே தெரியல."

"எனக்குத் தெரியும் டாக்டர். தினமும் பாக்கறேன்" என்றாள் அவள்.

டாக்டர் புரியாமல் இன்ஸ்பெக்டரம்மாவைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரம்மா அவளைப் பார்த்தாள்.

அவள் கணவனின் தலையை மெல்லத் திருப்பினாள். முடியை ஒதுக்கினாள். இடது காதை மடக்கினாள். எதைத் தேடினாளோ அது அங்கே இருந்தது.

நீலக் கோடு!

விரல் நீளத்துக்கு... மெழுகில்... அழுத்தமாக!

"என்னம்மா இது?"

"மாஸ்க் வெச்சு, விறைச்சுப் போன குட்டிக்கு மாமா போடற அடையாளம். நீலக் கோடு போட்டது எங்கிட்ட வந்தா, வெட்டறதுக்கு முன்னாடியே தெரியும் மேடம். கறி தேறாதுன்னு."

இன்ஸ்பெக்டரம்மா குனிந்து கோட்டை உற்றுப் பார்த்தாள்.

"கொன்னுட்டு... மார்க் போட்டுட்டா போனாரு உங்க மாமா?"

"வேணும்னு போட்டிருக்க மாட்டாரு. மாஸ்க்கை எடுத்தா கை தானா சாக்பீஸுக்குப் போயிடும். அவ்வளவு வருஷப் பழக்கம்." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "கட்டின புருஷனைக் கொன்னதுகூட இல்ல மேடம்... குட்டியோட குட்டியா எண்ணிட்டாரே, அதுதான் தாங்கல!"

இன்ஸ்பெக்டரம்மா அவள் தோளில் கை வைத்தாள்.

"இது கோர்ட்டுல நிக்காதும்மா. சாக்பீஸ் பண்ணை முழுக்கக் கிடக்கு. யார் வேணா போட்டிருக்கலாம்பாரு அவரோட வக்கீல். அந்த மாஸ்க்கையும் காணோம். பண்ணையையே சலிச்சுட்டோம்."

"அவர் வாயால சொன்னா?"

"சொல்லுவாரா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போகும்போது சைரன் போட்டுக்கிட்டே போங்க மேடம்."

"எதுக்கு?"

"என் வீட்டுக்காரர் கடைசியா சொன்ன வேலை ஒண்ணு பாக்கி இருக்கு. பயில்வானுக்குச் சத்தம் ஆகாது."

பெரியவர் பயில்வானின் அடைப்புக்குள் இருந்தார். ஈரத் துணியால் அவன் முதுகைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"இனிமே உன்னை யாரும் தொட முடியாதுடா ராஜா. லாரியாம் லாரி! வந்து பாக்கட்டும்..."

ஊஊஊஊஊ...!

அடைப்புச் சுவரை ஒட்டி வந்து நின்றது ஜீப். சைரன் நிற்கவில்லை.

பயில்வானின் வால் துடித்தது. தோலில் திட்டுத் திட்டாகச் சிவப்பு ஏறியது. வாய் நுரைத்தது.

"நிறுத்துங்க! சைரனை நிறுத்துங்கய்யா! செத்துருவான்!"

பயில்வான் திரும்பினான். மலை போன்ற உடம்பு. ஒரே பாய்ச்சல்!

இரும்புக் கதவுக்கும் அவனுக்கும் நடுவில் பெரியவர் இருந்தார்.

மடக்!

உடைந்தது கதவு அல்ல. பெரியவரின் தொடை எலும்பு!

அவர் அலறிய அலறலில் சைரனே அடங்கிவிட்டது. பயில்வான் நான்கு எட்டு வைத்தான். கால்கள் மரம் போல் விறைத்தன. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். ஒருமுறை மூச்சு இழுத்தான். விடவில்லை.

"பயில்வான்... டேய்... எழுந்திருடா!"

தம்பிக்கு அழுத அழுகை இல்லை இது. இது நிஜ அழுகை!

இன்ஸ்பெக்டரம்மா கதவருகே குனிந்தாள்.

"அவனுக்கும் ஹார்ட் அட்டாக்தானா சார்?"

பெரியவரைத் தூக்கிக்கொண்டு ஆம்புலன்ஸ் போனது. பிறகு சின்னவரின் மனைவி வந்தாள். கதவுக் கம்பியில் உறைந்திருந்த பெரியவரின் ரத்தத்தைப் பஞ்சில் ஒற்றி எடுத்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் மெஷின் இருந்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆபரேஷன் தியேட்டர்.

தலைக்கு மேல் வட்ட விளக்கு. குளிர். பெரியவரைத் திரும்ப முடியாதபடி மேஜையோடு சேர்த்துப் பட்டையால் கட்டியிருந்தார்கள். மூலையில் பச்சை அங்கியில் இன்ஸ்பெக்டரம்மா.

"கைதியா நான்? இவங்க எதுக்கு இங்க?"

"உங்க நல்லதுக்குத்தான் சார்" என்றாள் அவள். "தம்பியையும் இழந்துட்டீங்க. துணைக்கு வேற யாரு இருக்கா?"

மயக்க டாக்டர் தலைமாட்டில் வந்து நின்றார். வயதானவர். அலுத்துப் போன குரல்.

"எலும்பு வெளிய தெரியுது. இப்பவே சேர்க்கணும். விட்டா சீழ் பிடிச்சு உயிருக்கே ஆபத்து. மயக்கம் கொடுக்கப் போறேன்."

பெரியவர் மாஸ்க்கைத் தேடிக் கண்ணைச் சுழற்றினார்.

"முதுகுல... முதுகுல ஊசி போடுங்க டாக்டர். கீழ்ப்பாதி மட்டும் மரத்துப் போற மாதிரி."

"இடுப்பெலும்பும் விரிஞ்சிருக்கு. உங்களைத் திருப்பவே முடியாது. வாயுதான்."

"வாயு வேணாம்!"

"ஏன்? குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்காம போயிருக்கா?"

பெரியவர் மூலையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரம்மா புன்னகையோடு நின்றாள்.

ஆமாம் என்றால்... தம்பி எப்படிச் செத்தான் என்ற கேள்வி வரும்.

இல்லை என்றால்... மாஸ்க் வரும்!

"இ... இல்ல."

"அப்புறம் என்ன? பயப்படாம மூச்சு விடுங்க."

மாஸ்க் இறங்கியது. கறுப்பு ரப்பர் விளிம்பு. அவர் எத்தனையோ மூக்குகளில் அழுத்திய அதே விளிம்பு!

"இருங்க! இருங்க டாக்டர்! எங்கப்பா... எங்கப்பா ஆபரேஷன் மேஜைல செத்தாரு! மயக்க வாயுவாலதான்!"

"அப்பா ஹார்ட் அட்டாக்னு எங்கிட்ட சொன்னீங்களே சார்?" என்றது மூலை.

"பொய்! அது பொய்!"

டாக்டர் கொட்டாவியை அடக்கினார்.

"அந்தக் காலத்துல மேஜைல செத்தவங்க ஆயிரம் பேர். நூறு காரணம் இருக்கும். எங்கிட்ட வர்ற பாதிப் பேர் இந்தக் கதையைத்தான் சொல்றாங்க. மூச்சை நல்லா இழுங்க..."

மாஸ்க் மூக்கைத் தொட்டது. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது.

"கதை இல்ல டாக்டர்! கண்ணால பாத்திருக்கேன்! முதல்ல தாடை இறுகும்! பல்லு கிட்டிக்கும்! அப்புறம் கால் நீண்டு விறைக்கும், உடம்பு கொதிக்கும்... நெஞ்சுல கை வெச்சா சுடும்!"

"பன்றியைச் சொல்றீங்க."

"மனுஷனைச் சொல்றேன்யா!"

"எந்த மனுஷனை?"

பெரியவர் நிறுத்தினார். டாக்டரின் விரல் இயந்திரத்தின் திருகுக்குப் போனது. லேசாக, மிக லேசாகத் திரும்பியது.

உஸ்ஸ்ஸ்...

"தம்பியை! என் தம்பியை! நான்தான் மாஸ்க் வெச்சேன்! தூங்கிட்டிருந்தான்... கண்ணைத் திறந்து 'அண்ணே'ன்னான்... அப்புறம் தாடை பூட்டிக்கிச்சு! எனக்கும் அதே ரத்தம்தான் டாக்டர்! எடுங்க! மாஸ்க்கை எடுங்க!"

"அந்த மாஸ்க் எங்க சார்?" இன்ஸ்பெக்டரம்மா இப்போது அவர் முகத்துக்கு நேராகக் குனிந்திருந்தாள். கையில் செல்போன். அதில் சிவப்புப் புள்ளி மினுக்கிக்கொண்டிருந்தது.

"சாணிக் குழில... மூடிக்குக் கீழ... கம்பில கட்டித் தொங்கவிட்டிருக்கேன்! எடுங்களேன்!"

மாஸ்க் விலகியது.

பெரியவர் குழந்தை போலத் தேம்பினார். பிழைத்துவிட்டோம் என்று தேம்பினார்.

"வெறும் ஆக்ஸிஜன்தான் கொடுத்தேன்" என்றார் மயக்க டாக்டர், அதே அலுத்த குரலில். "எல்லாருக்கும் முதல்ல அதைத்தான் கொடுப்பேன்."

தியேட்டர் கதவு திறந்தது. சின்னவரின் மனைவி உள்ளே வந்தாள். ரப்பர் ஏப்ரனில் இன்னும் ஈரம் காயவில்லை.

"மாமா..."

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணைத் திறங்க மாமா. ரெண்டு விஷயம் சொல்லணும். பயில்வானை நான்தான் அறுத்தேன். தொடையை அழுத்திப் பாத்தேன். சொதசொதன்னு தண்ணி. நாய்க்குப் போடக்கூட ஆகாது. குழி வெட்டிப் புதைக்கச் சொல்லிட்டேன்."

பெரியவரின் தொண்டையிலிருந்து வினோதமாக ஒரு சத்தம் வந்தது.

"இன்னொண்ணு... கதவுல உங்க ரத்தம் இருந்துச்சு. மெஷின்ல போட்டுப் பாத்தேன். பல்லைப் பிடுங்கக்கூடப் போகாம பயந்தவரு நீங்க, போட்டுப் பாத்திருக்க மாட்டீங்கன்னு தெரியும். அதான் நான் போட்டேன்."

"என்ன... என்ன வந்துச்சு?"

"இல்ல."

"என்ன இல்ல?"

"அந்த ஜீன் உங்களுக்கு இல்ல மாமா. அவருக்குத்தான் வந்திருந்தது. உங்களுக்கு வரல. எந்த வாயு கொடுத்தாலும் உங்களுக்கு ஒரு மயிரும் ஆகியிருக்காது."

பெரியவர் விட்டத்தைப் பார்த்தார். வாயைத் திறக்காமல் படுத்திருந்தால், சுகமாகத் தூங்கி, சேர்ந்த காலோடு எழுந்து, பண்ணைக்கு முதலாளியாகத் திரும்பியிருப்பார்!

சின்னவரின் மனைவி திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள். கதவு தாண்டியதும்தான் வாய்விட்டு அழுதாள்.

"டாக்டர், இப்ப நிஜமாவே கொடுங்க" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா, செல்போனை அணைத்தபடி. "காலை ஒழுங்கா சேர்த்து வைங்க. படி ஏற வேண்டியிருக்கும்."

மாஸ்க் மறுபடி இறங்கியது. இந்தத் தடவை அதில் இனிப்பான வாடை இருந்தது. பெரியவரின் கைகால்கள் விறைக்கவில்லை. கொதிக்கவில்லை. துணி போலத் துவண்டன.

இன்ஸ்பெக்டரம்மா குனிந்து அவர் காதுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நீலக் கோடு தேவையில்லை... டெஸ்ட்ல தேறிட்டீங்க சார்! தூக்குல போடறதுக்கு முழு ஆரோக்கியம்!"